கரைச்சல் தராத கிஷாந்த்

தனக்குப் பசிக்கிறது என்று கிஷாந்த் சொல்லி இந்த இருபது வருடத்தில் நான் கேட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் "இப்பதான் சாப்பிட்டு வந்தனான்" என்பான். பக்கத்தில் இருக்கிற எனக்கு அவனுடைய வயிறு இரைவது கேட்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவன் அழாமலே வளர்ந்து, வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கலியாணமும் கட்டிவிட்டான். போன வருடம் குடல்வால் வெடிக்கிற நிலையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் இருக்கிற அதே ஃப்ளாட்ஸில், கீழ் மாடியில், காரோடு நான் இருக்கிறேன். ஏனடா என்னை எழுப்பவில்லை என்று கத்தினேன். "லீவு நாள், நித்திரையா இருப்பாய், ஏன் கரைச்சல்?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படிப்பட்டவனைத்தான் நானும் உமாசுதனும் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனோம்.

உமா எங்களோடு படித்தவன். மூன்று பேரும் ஒன்றாகத்தான் சுழியோடப் பழகினோம். பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த லீவில், சனிக்கிழமை முழுக்கக் கல்கிசைக் கடற்கரையில் படுத்திருந்து ஊர்க்கதை கதைத்தோம். ஞாயிறு காலை படகு ஏறினோம். அங்கே கடலுக்கு அடியில் ஒரு பெரிய பாறை, அதற்குள் ஒரு குகை. போன வழியாலேயே திரும்பி வர வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று முடிந்ததும், யாருக்கு முதலில் முடிகிறதோ அவன் கையைக் காட்ட வேண்டும். உடனே எல்லாரும் திரும்ப வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

உள்ளே ரோச் வெளிச்சத்தில் சிவப்பு மீன்கள் கூட்டமாக நின்றன. உமா கமராவும் கையுமாக முன்னால் போனான். இடைக்கிடை திரும்பி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவான். சுகமா என்று கேட்கிறான். சுகம் என்று நாங்களும் அதே வளையத்தைக் காட்டுவோம். எனக்கும் உமாவுக்கும் திரும்புகிற நேரம் இன்னும் வரவில்லை. அப்போது பார்த்துக் கமராவின் பற்றரி செத்துவிட்டது. படம் எடுக்க முடியாத இடத்தில் என்ன வேலை என்று உமா எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். படகில் ஏறியும் அந்தப் பற்றரியைத் திட்டித் தீர்த்தான். "ஓமடா, நல்ல இடம், விட்டிட்டு வந்திட்டம்" என்று கிஷாந்தும் சேர்ந்து கவலைப்பட்டான். தன்னுடைய சிலிண்டரை எங்களைத் தொட விடாமல் தானே கழற்றி வைத்தான். அது அவனுடைய குணம்தானே என்று விட்டுவிட்டோம்.

பின்னேரம் கிஷாந்த் வீட்டு டீவியில் உமா எடுத்த வீடியோப் படத்தைப் போட்டோம். அவனுடைய மனைவி மேனுகா கட்லட் பொரித்து, கோப்பைகளில் ரீயும் ஊற்றி வைத்திருந்தாள். "ஐயோ, இவரோ இது? தவளை மாதிரி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

படத்தில் உமாவின் கை வளையம் காட்டியது. கிஷாந்தின் கையும் வளையம் காட்டியது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அவனுடைய மீற்றர் நெஞ்சுக்கு முன்னால் மிதந்து, கமராவின் பக்கம் திரும்பியது. உமா படத்தை நிறுத்தினான்.

முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

உமா பின்னுக்கு ஓட்டினான். அதற்கு முந்திய தடவை கேட்டபோதும் முள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் இருந்தது. அப்போதும் வளையம். அவனுடைய வாயிலிருந்து குமிழிகள் கொதிக்கிற உலை மாதிரி வந்துகொண்டிருந்தன.

"மச்சான், பற்றரி மட்டும் போகாட்டி நாங்கள் இன்னும் உள்ளுக்குத்தான் போயிருப்பம்" என்றான் உமா.

"என்ன? அந்தச் சிவப்பு என்ன?" மேனுகா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை மேனு. ரீ ஆறப்போகுது" என்றான் கிஷாந்த்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஏன் இவையிட்டச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் சந்தோஷமாப் படம் எடுத்துக்கொண்டிருந்தவை. என்னால ஏன் குழம்புவான் எண்டு..."

"உங்களைப் பிணமாத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வாசல்ல வைச்சிருந்தா, அது எனக்குக் கரைச்சல் இல்லையோ?"

உமா டீவியை நிற்பாட்டினான். கிஷாந்த் கையில் இருந்த கோப்பையைச் சோசரில் வைத்தான்.

"பயமா இருந்தது மேனு" என்றான். "திரும்பி வரேக்குள்ள, குகை வாசலடியில, இழுக்க இழுக்கக் காத்து வாறது குறைஞ்சிட்டுது. இவனைப் பிடிப்பமெண்டு கையை நீட்டினனான்." என்னைக் காட்டினான். "இவன் மீனைப் பாத்துக்கொண்டு நிண்டான். கையை எடுத்திட்டன்."

அங்கே நான் அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். எழும்பிப் போய் அவனுடைய கையை இறுக்கிப் பிடித்தேன். ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"காணும், விடு மச்சான்" என்றான் அவன், அப்போதும். "நீ இருந்து ரீயைக் குடி."

"விடாதேங்கோ, அண்ணா" என்றாள் மேனுகா.