நெவென்கா திறந்து வைத்த சர்வர்

ஸ்ரெனியானின் என்ற ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருவதுதான் நெவென்காவின் பிழைப்பு. கணவன் பிரிந்துபோன பிறகு வீட்டின் முன்னறையே அலுவலகமாகிவிட்டது. சுத்தமாக வேலை செய்கிறவள் என்று பெயர். ஆனால் வரைபடக் கோப்புகள் வரவரப் பெருத்துக்கொண்டே போக, மின்னஞ்சல் அவற்றை ஏற்க மறுத்தது. மேஸ்திரிகள் ஆளுக்கொரு பென்டிரைவோடு வாசலில் வந்து நின்றார்கள். வந்தவர்கள் காபி குடிக்காமல் போவதுமில்லை.

"உன் கம்ப்யூட்டரையே சர்வராக்கிடு அக்கா," என்றான் பக்கத்து வீட்டு ஸோல்தான். கடைகளின் பில் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். "அவங்கவங்க இடத்துலருந்தே எடுத்துக்குவாங்க. உன் காபித்தூளும் மிச்சம்."

எந்த மென்பொருள் என்று தேட உட்கார்ந்ததில் தலை சுற்றியது. ஒன்று மாதாமாதம் காசு கேட்டது. இன்னொன்று கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொன்னது, பார்த்ததுமே மூடிவிட்டாள். மற்றொன்று இலவசம். பொத்தான்களும் கட்டங்களுமாக, அவள் தினமும் புழங்கும் வரைபட மென்பொருள் மாதிரியே இருந்தது. அதையே இறக்கினாள்.

நிறுவுவதில் சிக்கலில்லை. ஆனால் ஸோல்தான் தன் வீட்டிலிருந்து முயன்றபோது உள்ளே நுழைய முடிந்ததே தவிர, கோப்புகளின் பட்டியல் வரவில்லை. கோப்புகள் போய்வர ரூட்டரில் தனி வழிகள் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து மல்லுக்கட்டி அலுத்துப்போய், கம்ப்யூட்டருக்குக் காவலாக இருந்த ஃபயர்வாலை அணைத்தாள். வருவதையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்கே விடு என்று ரூட்டரில் டிக் போட்டாள். 'விருந்தாளி' என்று பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு கணக்கு. எந்த ஃபோல்டர் என்று கேட்டதற்கு, மொத்த வேலையும் இருந்த ஹார்ட் டிஸ்கையே காட்டிவிட்டாள்.

"வந்துருச்சுக்கா! எல்லாமே தெரியுது!" வேலிக்கு அந்தப்பக்கம் ஸோல்தான் கத்தினான். "சோதனை முடிஞ்சுது, அந்த விருந்தாளியை எடுத்துடு."

"எடுக்கறேன்டா," என்றவள், வாசலில் வந்து நின்ற மேஸ்திரியைக் கவனிக்கப் போனாள். அதோடு மறந்தாள்.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தற்செயலாக சர்வரின் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பு வரிகள் மழைத்தாரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. எந்தெந்த நாட்டுக் கம்ப்யூட்டர்களின் எண்களோ. பெயர் மாற்றி, பாஸ்வேர்டு மாற்றி, விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு பச்சை வரி. விருந்தாளி உள்ளே இருந்தார். அவர் அப்போது இறக்கிக்கொண்டிருந்த கோப்பின் பெயரை அவளேதான் வைத்திருந்தாள்: 'ராதிவோய் நிலவறை'.

ராதிவோய் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். அந்த வரைபடத்தில் அவர் வீட்டுப் பெட்டகம் எந்தச் சுவருக்குள் இருக்கிறது, சுவர் எத்தனை கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாமே இருந்தது. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள். கோப்பு முழுசாகப் போய்விட்டதாகக் கடைசி வரி சொன்னது.

போனில் சொல்லக்கூடிய சமாசாரமா அது? நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க."

"என் வீட்ல என்னையே உக்காரச் சொல்றே? என்னம்மா, யாரு செத்தா?"

"உங்க நிலவறை வரைபடம் போயிடுச்சு. யாரோ எடுத்துட்டாங்க. யாருன்னு தெரியாது, எந்த ஊருன்னும் தெரியாது. பூட்டாம விட்டது நான்தான்."

ராதிவோய் குரலைத் தாழ்த்தினார். "பெட்டகம் இருக்கற சுவரா?"

"அதேதான்ணே."

வந்தவளுக்குத் தர செர்ரிப் பழப் பாகும் தண்ணீருமாகத் தட்டைக் கொண்டுவந்த அவர் மனைவி பெர்சீதா, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "எந்தப் பெட்டகம்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி பம்புக்குன்னுதானே அந்தச் சுவரை உடைச்சீங்க? முப்பது வருஷம் உங்களோட குடும்பம் நடத்தறேன். என் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எவனோ ஊர்பேர் தெரியாதவனுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாதா?"

நெவென்கா தான் வந்த காரியத்தையே ஒரு கணம் மறந்துபோனாள். ராதிவோய் மனைவியையும் வந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கோபம் நெவென்கா மேல்தான் பாய்ந்தது. "வெளியே போ! இனிமே இந்தப் படி ஏறாதே!"

அந்த வாரமே பெட்டகம் வேறெங்கோ போய்விட்டது. எங்கே என்று நெவென்காவுக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. திருடன் என்று எவனும் இன்றுவரை வரவில்லை. புதுப் பெட்டகத்தின் சாவி பெர்சீதாவின் இடுப்பில் இருப்பதாக ஊரில் பேச்சு. ராதிவோய் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெர்சீதா நின்று பேசுகிறாள்.

ஸோல்தான் பக்கத்தில் உட்கார, நெவென்கா சர்வரை அடியிலிருந்து திரும்பப் போட்டாள். இந்தமுறை ஃபயர்வால் உண்டு, விருந்தாளி கிடையாது. ஆளுக்கொரு கணக்கு, நீளமான பாஸ்வேர்டு, அவரவர் ஃபோல்டர் மட்டும். எடுக்கலாம், அழிக்க முடியாது. போய்வருவதெல்லாம் நடுவில் எவரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகும். நாலு தடவை தப்பாகத் தட்டுகிற எண்ணுக்கு வழி அடைபடும்.

அதை முடித்த கையோடு போனை எடுத்தாள். அந்த ஹார்ட் டிஸ்கில் வரைபடம் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் வேலையையே வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். வீடு கட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் படுக்கையறைகூடவா அதுல இருந்துச்சு?"

"இருந்துச்சு டாக்டர்," என்றாள் நெவென்கா.