வாழைமரத் துண்டில் நின்ற செல்லோ

ரவீந்திரன், நீங்கள் கேட்கவே இல்லை. சம்பத் அண்ணன் வாசித்து அனுப்பிய பதிவு பதினொரு நிமிடம். இடமில்லை என்று உங்கள் பதில் நான்கு நிமிடத்தில் வந்தது. மலேசியாவின் ஈப்போவில் நீங்கள் நடத்தும் இசைக்குழுவில் பதினான்கு வருடம் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து செல்லோ வாசித்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், இது அயோக்கியத்தனம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். கல்யாணமாகி, பூந்தமல்லி பக்கத்தில் பாரிவாக்கத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. செல்லோவை ஷேர் ஆட்டோவில்தான் கொண்டுபோகிறேன். ஆள் உயரப் பெட்டி. ஈப்போவில் காடி என்று நாங்கள் சொல்லும் காரின் பின்சீட்டில் போட்டுக் கதவைச் சாத்தினால் முடிந்தது. அது என்ன என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இங்கே நான் ஏறி உட்காருவதற்குள் கேட்டுவிடுகிறார்கள். திருவேற்காட்டில் ஏறிய பூக்காரம்மா ஒருவர், "இன்னாம்மா, இத்தாம்பெரிய வீணை?" என்றார். வீணை இல்லை, செல்லோ, வில்லால் வாசிப்பது என்று பாடமே நடத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வீணைய இப்டிக் குடு, நீ நல்லா குந்து" என்று பெட்டியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முதல் வருடம் இதற்கெல்லாம் எரிச்சல்பட்டேன். இப்போது யாரும் கேட்காத நாளில்தான் எனக்கு ஒருமாதிரி இருக்கிறது.

ஞாயிறு காலை ஆவடியில் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிப்பேன். மாலையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. நடுவில் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு. ஈப்போவில் தாளில் இல்லாத ஒரு சுரத்தை நான் தொட்டதில்லை. இங்கே முதல் கச்சேரியில் எந்தச் சுருதி என்று கேட்டதற்கு, பாட ஆரம்பித்தால் தெரியும் என்றார் கீபோர்டுகாரர். தெரியவில்லை. இரண்டு பாட்டு வரைக்கும் சும்மா வில்லை ஆட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் காது திறந்தது. அன்றைக்கு மாதிரி நான் சிரித்துக்கொண்டே வாசித்தது அதற்குமுன் கிடையாது.

வீட்டில் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருவர் சம்பத் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒரு வரவேற்பில் பந்திக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்று கேட்டவர், மறுவாரம் வீடு தேடி வந்தார். மூன்று வருடமாகப் படிக்கிறார். இரும்பில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கை, தந்தியிலும் கண்டுபிடிக்கிறது.

போன ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயில் மேடையில் இருவரும் வாசித்தோம். செல்லோவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் கூர் தரையில் குத்தி நிற்க வேண்டும். இங்கே எங்கே பார்த்தாலும் டைல்ஸ், வழுக்கும். அதனால் பழைய ரப்பர் செருப்பை இரண்டாக வெட்டி அடியில் போட்டு வாசிப்பது என் வழக்கம். அன்றும் பையிலிருந்து செருப்பை எடுத்து, அம்மனுக்கு நேர் எதிரே மேடையில் வைத்தேன். பூசாரி செருப்பையே பார்த்தார். மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். எனக்கு அது செருப்பு என்ற நினைப்பே இல்லை, என்னவென்று புரியவில்லை. சம்பத் அண்ணன் ஓடிவந்து செருப்பைத் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

"டீச்சர், செருப்ப அங்க வெச்சா, ஊரு நம்மள எங்க வெக்கும் தெரியுமா?"

பந்தல் வாசலில் கட்ட வெட்டிய வாழைமரத்தின் அடித்துண்டு ஓரமாகக் கிடந்தது. அதில் இரண்டு வட்டத் துண்டுகள் அறுத்து வந்தார். கம்பியை அழுத்தினேன், சதக்கென்று இறங்கி நின்றது. ஈப்போ அரங்கில்கூட அப்படி அசையாமல் நின்றதில்லை. பம்பைக்கும் உடுக்கைக்கும் அடியில் நாங்கள் இருவரும் தாழ்ந்த சுரங்களைப் பிடித்துக்கொண்டோம், முன்வரிசைப் பெண்கள் எழுந்து ஆடினார்கள். முடிந்ததும் ஒருத்தி வந்து எனக்கு வைத்த குங்குமத்தைச் செல்லோவுக்கும் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான், செல்லோவை வாழையில் நட்டுவிட்டார்கள், இனி குலை தள்ளும் என்று ரவீந்திரன் இதே பத்திரிகையில் எழுதினார். அதே வாரம்தான் சம்பத் அண்ணனின் விண்ணப்பமும் போனது. வருடத்தில் ஒரு வாரம், வாசிக்கத் தெரிந்த யாரும் குழுவோடு உட்காரலாம் என்று அறிவித்தவர் அவர்தான். அண்ணன் புதிதாக பாஸ்போர்ட் எடுத்து, லீவும் சொல்லிவைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து லேத்தெல்லாம் நின்றபிறகு, பட்டறையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தார். பதில் வந்ததும் நான்தான் கத்தினேன். அவர் சிரித்தார்.

"உடு டீச்சர். அவுரு ஊர்ல வாழமரம் இல்ல போல."

சிரித்துவிட்டு பாஸ்போர்ட்டைத் திரும்ப உறையில் போட்டார். போட்ட கை அதன்மேலேயே கொஞ்சநேரம் இருந்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ரவீந்திரன், உங்கள் ஒத்திகைக் கூடத்தின் மரத்தரையில், மூன்றாம் நாற்காலிக்கு முன்னால் ஒரு துளை இருக்கும். பதினான்கு வருடம் என் செல்லோ குத்திய துளை. இங்கே எனக்கு அப்படி ஒரு துளை கிடையாது, ஒவ்வொரு மேடைக்கும் புதிதாக ஒரு வாழைத்துண்டு அறுக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அந்தத் துளையை மறக்கவும் இல்லை. அதில் சம்பத் அண்ணனின் கம்பி ஒரு வாரம் நிற்கட்டும் என்றுதான் கேட்டோம். பதினொரு நிமிடத்தை நான்கு நிமிடத்தில் எப்படிக் கேட்டீர்கள்? எனக்குத் தனியாக எழுதவேண்டாம். வாழையைக் கிண்டல் செய்த இதே பக்கத்தில், உங்கள் பெயர் போட்டு, எல்லோரும் படிக்கப் பதில் சொல்லுங்கள்.