புருஷன் மாறிய வாரம்

"என் புருஷன மாத்திட்டாங்கடீ" என்று பேருந்தில் போனில் தங்கையிடம் அவள் சொன்னபோது, முன் இருக்கைக்காரர் கழுத்து சுளுக்கத் திரும்பிப் பார்த்தார். கரண்டியக்கா கண்டுகொள்ளவில்லை. "இந்த வாரத்துலேர்ந்து வேற ஆளாம். சின்னப் பையன் மாதிரி இருக்கான். இவனோட சரிப்படலேன்னா என்னையும் மாத்திடுவாங்க." முன் இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடம்தானா என்பது அவருக்கே வெளிச்சம்.

விஷயம் இதுதான். தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் குட்டி நகைச்சுவை நாடகங்களில், கரண்டியை ஓங்கிக்கொண்டு புருஷனைத் துரத்தும் பெண்டாட்டி அவள். கரண்டி என்னவோ வெறும் பஞ்சு. மேலே வெள்ளிச் சாயம். ஆனால் கடைத்தெருவுக்குப் போனால், "அக்கா, கரண்டி எங்கே?" என்று கேட்காத ஆள் கிடையாது. அதற்கு முன் பல வருஷம் கூட்டக் காட்சிகளில் தலையோடு தலையாக நின்றவள். கரண்டி வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு முகம் வந்தது. அது போனால் திரும்பக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

இத்தனை நாள் அவளிடம் அடி வாங்கிப் பேர் வாங்கிய தொப்பையார், பாதி சீசனில் சினிமாவுக்கு ஓடிவிட்டார். நல்லா இருக்கட்டும், மனுஷன் தங்கமானவர். இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் பாப்போம்மா. ஜனங்க சிரிக்கலேன்னா ஜோடியையே மாத்த வேண்டியதுதான்" என்றார். முகம் வாடித்தான் சொன்னார். வாடி என்ன, வாடாமல் என்ன!

புதுப் புருஷன் வங்கி வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவன். ஒத்திகையில் அவள் கரண்டியை ஓங்கினால், "ஸாரி மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

"தம்பி, வழி விடக் கூடாது. பயந்து ஓடணும்."

"பயமாத்தான் மேடம் இருக்கு. ஓடத்தான் வரல."

அவளுக்கு அவனை நிஜமாகவே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

வீட்டுப் புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். "என்னங்க, எனக்கு ஒரே பயமா இருக்குங்க" என்று அவள் சொன்னதற்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் படப்பிடிப்பன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு, அரங்கத்தில் பார்வையாளர்களோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

விளக்குகள் எரிந்தன. புதுப் புருஷன் மழையில் நனைந்த பூனையாக நின்றான். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். "யோவ்! எங்கேய்யா போயிருந்தே?" என்று அவள் சீற வேண்டிய இடம். பதற்றத்தில் வீட்டு வாய் முந்திக்கொண்டது.

"என்னங்க..."

அதுவும் அத்தனை மெதுவாக, அத்தனை பணிவாக.

புதுப் புருஷன் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"என்னம்மா?"

அரங்கமே பின்னால் திரும்பிப் பார்த்தது. "ஐயோ மேடம், உங்க வீட்டுக்காரரு!" என்று அலறிக்கொண்டு புதுப் புருஷன் முதல்முறையாக ஓடினான். அதுவல்லவா ஓட்டம்! சோபா கவிழ்ந்தது. "யோவ், நில்லுய்யா!" என்று கரண்டியோடு அவள் பின்னால் பாய, ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

"ரெண்டு பேரும் இருக்கீங்க, சீசன் முடியற வரைக்கும்" என்றார் இயக்குநர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அந்த 'என்னங்க' வாராவாரம் வேணும்." மேக்கப் அறையில் அவள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

திரும்பும்போது பேருந்தில் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். பாதி வழியில், "அந்த 'என்னங்க' என்னோடதாச்சே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் இளகியது. "அப்ப உங்கள என்னன்னு கூப்பிடுறதாம்?"

அவர் யோசித்தார். "வேற வழி? 'யோவ்'னே கூப்பிடு. கரண்டி மட்டும் வேணாம்."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யோவ்" என்றாள்.

அவர் உடனே திரும்பினார். "என்னம்மா?"