சேலைப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மூன்றே அறைகள் கொண்ட வீடு. அந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் பேசாமல் வாழ வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், தங்கச்சியான நான். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிட இந்த வேலையைத்தான் அதிகம் பார்த்தேன்.

சண்டைக்குக் காரணம் கல்லாப்பெட்டி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்தவர். அண்ணன் பி.எஸ்சி. முடித்ததும் கல்லாவில் வந்து உட்காரச் சொன்னார். அவனோ, 'எனக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் வேண்டும்' என்று சொல்லிவிட்டு, கிண்டியில் ரேடியோ பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா என்னைப் பார்த்து, "இனி அவங்கூட எனக்குப் பேச்சு இல்லன்னு சொல்லு" என்றார். அவன் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி அவனிடம் சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

"குழாயை ஒழுங்கா மூடச் சொல்லு."

"மூடியாச்சு, வாஷர்தான் போயிருக்குன்னு சொல்லு."

"வாஷர் போயிருக்குன்னா மாத்தச் சொல்லு."

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் சொல்லாமல் இருந்தால் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள். அப்பா 'அந்தக் கழுதை' என்பதை நான் 'அண்ணன்' என்று மாற்றிச் சொல்வேன். அண்ணன் சொல்வதில் பாதியை விழுங்கிவிடுவேன். முழுசாகச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

அந்தத் தீபாவளிக்கு அப்பா அவனுக்கு எடுத்த சட்டைத் துணியை என் கையில் கொடுத்தனுப்பினார். ஊருக்கெல்லாம் தன் கையால் துணி கிழித்துக் கொடுக்கிற மனுஷன், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க ஆள் தேடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அன்று பூஜை அறையில் வெகு நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கத் தேவையே இல்லை.

இந்த நிலைமையில்தான் அண்ணன் கம்ப்யூட்டர் செய்யப்போகிறேன் என்று ஆரம்பித்தான். அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஏதோ ஒரு பெரிய ஆபீஸில், ஏ.சி. அறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய சாமான். இவன் அதை வீட்டில், சாப்பாட்டு மேஜையில் செய்தான். கூட ஒரு சிநேகிதன். சாந்தோமில் பரம்பரையாக இருக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ரிச்சி தெருவில் அலைந்து இரண்டு பேரும் ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகளை வாங்கி வந்து கம்பி கம்பியாகப் பற்றவைத்தார்கள். பல மாதம் எங்கள் சாம்பாரில் ஈய வாடை அடித்தது.

கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு பச்சைப் பலகை. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் எண்கள் எரிய வரிசையாகச் சில கட்டங்கள். வைக்க வேறு பெட்டி இல்லாததால் அப்பா கடையின் பட்டுச்சேலை அட்டைப்பெட்டியில் வைத்தான். பலகை நடுவில் இருந்த ஒரு ஐ.சி.க்கு மட்டும் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள்தான் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்கிற பாடம் இருக்கிறதாம். சிநேகிதன் தன் ஆராய்ச்சிக்கூடத்து மிஷினில் வைத்து எழுதிக்கொண்டு வந்தது. அந்த ஜன்னலை அண்ணன் எங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிப் பூரித்துப்போனான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அது வேலை செய்தது. சுவிட்சைப் போட்டதும் கட்டங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்பாக எண்ணிக்கொண்டே போனது. அப்பா கடையில் இருந்தார். ஆடித் தள்ளுபடி, தலைக்கு மேல் வேலை. ராத்திரி வந்தவரிடம் நான் சொன்னேன்.

"ஒண்ணு ரெண்டு எண்ணவா இம்புட்டுப் பாடு?" என்றார். கால் கழுவிவிட்டு வந்து, கொஞ்சம் யோசித்து, "சரி. என் முன்னால அது வாயைத் திறந்தா நானும் திறக்கேன்னு சொல்லு" என்றார்.

அண்ணன் அப்போதே சுவிட்சைப் போடக் கை நீட்டினான். அம்மா பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள். "ஆடியில எவனாவது நல்ல காரியம் ஆரம்பிப்பானா? ஆவணி பொறக்கட்டும். மொத முகூர்த்தத்துல போடு." அப்பாவும் தலையை ஆட்டினார். அண்ணன் படித்த பிசிக்ஸ் ஆடியிடம் தோற்றது. பெட்டியை மூடி அலமாரிமேல் வைத்தான்.

அந்த ஆடியில் சாயங்காலமானால் மழை. பகலில் மண்டையைப் பிளக்கிற வெயில். அலமாரிக்குப் பின் சுவரில் ஈரம் ஏறிப் படம் படமாக நின்றது.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்தது. அம்மா கேசரி கிண்டினாள். சிநேகிதன் மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, இஸ்திரி கலையாத சட்டையில் வந்தான். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்கிற மாதிரி இருந்தார். ஒரே பக்கத்தை எத்தனை நேரம்தான் ஒரு மனுஷன் படிப்பார்.

அண்ணன் சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். கட்டங்களில் ஒன்றும் இல்லை.

மறுபடி அணைத்துப் போட்டான். விளக்கு எரிந்தது, எண் வரவில்லை. சிநேகிதன் குனிந்து பார்த்தான். "இன்னா மச்சி இது, கரண்ட் வருது, லைட்டு எரியுது, ஆனா உசுரு இல்லாம கீது?"

மீட்டரை வைத்து அளந்தார்கள். எல்லா இடத்திலும் மின்சாரம் சரியாக இருந்தது. ஐ.சி.க்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காலைத் துடைத்து, திரும்பச் சொருகினார்கள். ஒன்றுமில்லை. ஊதிப் பார்த்தார்கள். அம்மா, "கண்ணு பட்டிருக்கும்" என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் சிநேகிதன் இருமி இருமிக் கையிலிருந்த மீட்டரைக் கீழே போட்டான். அடுத்து அம்மா விபூதி மடலோடு வந்தாள். அண்ணன் பெட்டியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, "அம்மா, தூள் எதுவும் அது மேல படக் கூடாது" என்று கெஞ்சினான். அம்மா அதை அவன் நெற்றியில் பூசிவிட்டு, சும்மா விடுவானேன் என்று சிநேகிதனுக்கும் பூசினாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, பக்கத்துல ஒரு தட்டு தட்டிப் பாக்கச் சொல்லு. நம்ம ரேடியோ அப்படித்தான் பாடும்."

"தட்டிப் பார்க்கணுமாம்" என்றேன்.

"இது ரேடியோ இல்லன்னு சொல்லு."

சொன்னேன். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, அண்ணன் அதை லேசாகத் தட்டியதை நான் பார்த்தேன்.

சிநேகிதன் பலகையை முழுசாகப் பெட்டியிலிருந்து தூக்கினான். அடியில் ஏதோ உருண்டது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்பாக, சுருங்கி, மிளகைவிடப் பெரிசாக இருந்தது.

"மச்சி, இது இன்னா பார்ட்டு? நான் வாங்கலையே."

அண்ணன் வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மீட்டரை வைத்து அதையும் அளந்தார்கள். கேசரித் தட்டோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம சுண்டைக்கா வத்தல்லா அது" என்றாள்.

வத்தல் காய்வது மொட்டைமாடியில். பெட்டி இருந்தது அலமாரிமேல். சிநேகிதன் முகம் மாறிவிட்டது. அவன் அந்த ஜன்னல் வைத்த ஐ.சி.யைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "இது மொட்டைமாடிக்குப் போச்சா? இந்தக் கண்ணாடி வழியா நல்ல வெயில் நாள் கணக்கா பட்டா உள்ள எழுதினதெல்லாம் அழிஞ்சிடும். ஸ்டிக்கர் ஒட்டி மூடுன்னு சொன்னேன் இல்ல?"

அழகு போய்விடும் என்று அண்ணன் ஒட்டவில்லை. ஆனால் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தான். தினமும் காலையில் மாடியில் வத்தலைக் காயப்போடுவது நான்.

"என்னை எதுக்குப் பார்க்குற? உன் ஓட்டைப் பெட்டியை நான் ஏன் தொடப்போறேன்?"

"வேற யாரு மாடிக்குப் போறா? அம்மாவுக்கு முட்டி வலி. விளையாட்டுக்கு வெச்சியா? அப்பா என்கூடப் பேசறது உனக்குப் பிடிக்கலையா?"

எனக்கு வந்தது பார் கோபம். ஒரு வருஷமாக இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாய் தேய்ந்தவள் நான். அந்த எண்கள் வர வேண்டும் என்று அவனைவிட அதிகம் தவித்தவள் நான். கேசரிக் கரண்டியைத் தூக்கி அவன்மேல் எறியலாமா என்று பார்த்தேன். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் அழுவதைப் போலக் கேவலம் வேறில்லை.

"ஏட்டி" என்றார் அப்பா. "அவங்கிட்டச் சொல்லு..."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்தார். அதை இன்னொரு தடவை மடித்தார். எழுந்து, என்னைத் தாண்டி, மேஜைக்கு வந்து அண்ணன் எதிரில் நின்றார்.

"அவளை ஏம்ல ஏசுத. நாந்தான் வச்சேன்."

அப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசினார். கடையில் மழை ஈரம் இறங்கினால் துணிக்கட்டுகளை மாடியில் பரப்புவார்கள். ஒரு வெயில் காட்டினால் புது வாசனை வந்துவிடும். சுவரில் ஈரம் ஏறியதைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. நானும் அண்ணனும் கிளம்பிப் போனதும் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறி, வத்தல் பாய்க்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட வரும்போது கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர் சேலைப் பெட்டியோடு போனால் யார் கேட்கப்போகிறார்கள். அம்மாகூடக் கேட்கவில்லை.

"ஈரத்துல கெட்டு, எம்முன்னால வேலை செய்யாமப் போயிரக் கூடாதுன்னுதான் வச்சேன்" என்றார்.

அண்ணன் வழக்கப்படி என் பக்கம் திரும்பி, "அப்பாகிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்தான். நான் பதில் சொல்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவன் அப்பாவிடம் திரும்பினான்.

"தினமுமாப்பா வெச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை வைக்கல" என்றார் அப்பா. "நீ வீட்டுல இருந்தல்லா."