கசெட்டின் கடைசி நிமிடங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வீடியோ கசெட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கடை. மழைக்கு ஒதுங்கிய நான் அங்கேயே நிற்கிறேன். தொண்ணூறுகளில் டிவியிலிருந்து பதிந்த ஒரு மாலை நேர நிகழ்ச்சிகள் திரையில் ஓடுகின்றன: வினாடி வினா, வானிலை, இப்போது ஒரு நகைச்சுவை நாடகம். யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்குக்கா காத்திருக்கீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் பெண்மணியைக் கேட்கிறேன்.

"எங்கட கலியாணக் கசெட்டுக்கு மேல என்ர மனுசன் இதைப் பதிஞ்சிட்டார். இது முடிய, மிச்சக் கலியாணம் வரும். காணாமல் போன தம்பி அதில மட்டுந்தான் இருக்கிறான்."

நாடகம் முடிகிறது. நாடா கிறீச்சிடுகிறது.

"அறுந்திடும் அக்கா. நிப்பாட்டவோ?" என்கிறார் கடைக்காரர்.

"வேண்டாம்."

திரையெங்கும் புள்ளிகள். பிறகு மேளச் சத்தம், பந்தி, பாயச வாளியோடு ஒருவனின் முதுகு.

"இப்ப திரும்புவான்," என்கிறார் அக்கா.

திரும்புகிறான்.