துணி உலர்த்திய குற்றம்

சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள் அவள். கணவன் பேருந்து ஓட்டுநர். குடியிருக்கும் வாடகை வீட்டையே விலைக்கு வாங்கப் போகிறார்கள் என்றதும், "இனிமே ஆணி அடிக்கக்கூட யாரையும் கேக்க வேண்டாம்" என்று கடையில் கேலி செய்தார்கள்.

அந்த வீட்டில் அவள்மீது ஒன்பது வருடமாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது. மழைக்காலம் வந்தால் படுக்கையறையின் வெளிச்சுவரில் ஓதம் ஏறும். அலமாரிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை படரும். வீட்டுக்காரர் வந்து பார்ப்பார்.

"ஏம்மா, கடையில விடற ஆவி போதாதுன்னு வீட்டுக்குள்ள வேற ஈரத்துணி காயப்போடறியா?"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது தீர்ப்பு. சுவர் அவருடையது, குற்றம் அவளுடையது. வாடகைக்கு இருப்பவர்கள் இந்தப் பங்கீட்டைக் கேள்வி கேட்பதில்லை. அவளும் நம்பினாள். துவைத்த துணியை ஈரத்தோடு கடைக்குச் சுமந்தாள். குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாள். வெந்நீரில் வெகுநேரம் குளித்ததற்காக மகளை ஒருமுறை அடித்தும் இருக்கிறாள்.

வாங்குவதற்கு முன் வீட்டைப் பரிசோதிக்க ஒரு பொறியாளர் வந்தார்.

"ஈரங்கற பேச்சே இந்த வீட்ல கிடையாது சார்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருடக் குற்றம் ஒரே வாக்கியத்தில் காணாமல் போயிருந்தது.

வெளிச்சுவரில் ஈரம் உள்ளது, காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம் என்று அறிக்கை வந்தது. வீட்டுக்காரர் உடனே பழைய பல்லவிக்குத் திரும்பினார்: "நான்தான் அப்பவே சொன்னேனே. எல்லாம் இவங்க பழக்கம்!"

"விடு, பெயின்ட் அடிச்சுக்கலாம்" என்றான் கணவன். "வீடு வாங்கறமா, கேஸ் நடத்தறமா?"

"தப்பு நம்மளுதுன்னா அடிச்சுக்கலாம். யாரோடதுன்னு தெரிய வேணாமா?"

பொறியாளரிடம் போனில் கேட்டாள். அவர் சொன்னபடி சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினாள். அறையின் ஆவிதான் காரணம் என்றால் ஈரம் தாளின்மேல் படியும். சுவருக்குள்ளிருந்து வருவதென்றால் தாளுக்குப் பின்னால்.

பள்ளி விட்டு வந்த மகள்தான் முதலில் பார்த்தாள். தாளின்மேல் விரலை ஓட்டினாள், ஈரமில்லை. பின்பக்கம் முத்து முத்தாக நீர்.

"அம்மா, இது நான் குளிச்ச தண்ணி இல்லதானே?"

அவள் போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டாள்.

பொறியாளர் மறுபடி வந்து வெளிப்பக்கத்தைப் பார்த்தார். தன் காரை நிறுத்துவதற்காக வீட்டுக்காரர் போட்ட சிமென்ட் தளம் சுவரை ஒட்டி உயர்ந்திருந்தது. ஓதம் மேலே ஏறாமல் தடுக்கச் சுவருக்குள் வைத்திருந்த பட்டை அதற்குக் கீழே புதைந்து கிடந்தது. தளத்தில் தேங்கும் மழைநீர் நேரே சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"சுவர் ஓரமா தளத்தை வெட்டி எடுத்துடுங்க சார். தண்ணி வெளிய போக வழி பண்ணுங்க. சுவர் காஞ்சப்புறம் கையெழுத்துப் போடறோம்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"நீ இல்லன்னா வேற ஆளு வாங்கிட்டுப் போறான், போம்மா!"

"வரட்டும் சார். தாள் சுவத்துலயே இருக்கும். அவங்களும் பாக்கட்டும்."

இரண்டு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அதன் பிறகு தளம் வெட்டப்பட்டது. கோடை முழுதும் சுவர் காய்ந்தது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. மழை வரட்டும் என்றாள்.

மழை வந்தது. பத்திரத்துக்கு நாள் குறிக்க வந்த வீட்டுக்காரர் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார். சுவருக்குச் சுவர் கொடி கட்டி, ஈரத்துணி சொட்டச் சொட்டத் தொங்கியது.

"தொட்டுப் பாருங்க சார்" என்றாள்.

துணிகளை விலக்கிக்கொண்டு போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், ஈரமில்லை. "அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்றார்.

குளியலறையில் மகள் வெகுநேரமாகப் பாடிக்கொண்டிருந்தாள். யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை.