பூதம் வெட்டின குடம்

அகத்தியமலை உச்சியிலிருந்து தாமிரபரணி கடலில் விழுகிற இடம் வரைக்கும், எந்த வீட்டில் எந்தக் குடம் இருந்தாலும் அதில் பேர் வெட்டினது சங்கிலிபூதத்தான்தான். நிலாவுக்கு ராக்கெட்டு விட்டார்களே, அதன் வாலில் பேர் வெட்டவும் முதலில் இவரைத்தான் தேடி வந்தார்களாம். கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், லீவு கிடைக்கவில்லை. இல்லாவிட்டால் ராக்கெட்டு இன்னும் கொஞ்சம் அழகாகப் போயிருக்கும்.

திருநெல்வேலி டவுனில், ரதவீதிப் பக்கம் அந்தப் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கிறவர்கள், கொடுக்கிறவர் பேரை அதில் வெட்டித் தரச் சொல்வார்கள். பேனா மாதிரி ஒரு மிஷின். பாத்திரத்தில் வைத்தால் கிர்ரென்று அழும். அதைப் பிடித்துப் பிடித்தே அவருக்குத் தலை நரைத்தது. ஒரு எழுத்து பிசகினது கிடையாது. ஊரார் பேரையெல்லாம் சுழித்துச் சுழித்து வெட்டின அந்த மனுசனுக்குக் கடையில் இருந்த பேர், பூதம்.

பெரிய முதலாளி இருந்தவரைக்கும் ‘சங்கிலி’ என்று கூப்பிட்டார். அவர் கண்ணை மூடியதும் மகன் செந்தில்முருகன் கல்லாவில் உட்கார்ந்தான். “ஒம்ம பேரு ரயிலு மாதிரி நீளம்வே. வாயில எடமில்ல” என்றான் முதல் நாள். அன்றைக்காவது மரியாதைக்கு ஒரு ‘வே’ இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் போய், “ஏலே பூதம், அந்த அண்டாவ எறக்கு” ஆகிவிட்டது. சங்கிலிபூதத்தார் அவருடைய குலசாமி. சாமி பேரைப் பாதியில் ஒடிக்கிறானே என்று முதலில் சாமிக்காகத்தான் வருத்தப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

மகள் தேன்மொழிக்குச் சேரன்மகாதேவியில் மாப்பிள்ளை அமைந்தது. சீர்ப் பாத்திரம் எடுக்கையில் தானும் வருவதாக மாப்பிள்ளையின் அம்மா இன்பமணி சொல்லியனுப்பினாள். முந்தின நாள் சங்கிலிபூதத்தான் கல்லாப் பக்கம் போய்த் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

“முதலாளி, நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரவ வாராவ. நாளைக்கு மட்டும் என்னைய முழுப்பேரு சொல்லிக் கூப்பிடுங்க.”

“அதுக்கென்னலே, கூப்பிட்டாப் போச்சு.”

மறுநாள் இன்பமணி படியேறினாள். செந்தில்முருகன் எழுந்து நின்று கும்பிட்டான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கினான்.

“மாண்புமிகு சங்கிலிபூதத்தான் அவர்களே! தங்கள் சம்பந்தியம்மா எழுந்தருளியிருக்காவ! ஏட்டி, ஐயாவுக்கு நாற்காலி போடுங்க! ஒருத்தி விசிறி எடுங்க!”

விற்பனைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி நிஜமாகவே நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். இன்பமணியும் முதலில் உண்மையென்று நம்பிச் சிரித்தாள். பிறகு மற்றவர்கள் சிரிக்கிற விதம் பிடிபட்டதும், சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டது கேட்டபடி முழுப்பேர் கிடைத்துவிட்டது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பேச்சை மாற்ற இன்பமணிதான் ஒரு குடத்தை எடுத்து நீட்டினாள். “அண்ணே, இதுல ஒங்க கையாலயே பேர் வெட்டிருங்க.”

வெட்ட வேண்டியது, ‘சங்கிலிபூதத்தான் மகள் தேன்மொழி’. தரையில் சம்மணம் போட்டுக் குடத்தை மடியில் சாய்த்தார். மிஷின் அழுதது. முடித்து, துணியால் துடைத்து, அவள் பக்கம் திருப்பினார்.

‘பூதம் மகள் தேன்மொழி.’

ழகரத்தின் வால்கூட அழகாகத்தான் விழுந்திருந்தது. செந்தில்முருகன் எட்டிப் பார்த்தான். “ஏலே பூதம், நீயே வெட்டிட்டியேலே!”

இன்பமணி அந்த எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவர் வந்து குடத்தை வாங்கும்வரை மூடின கையை எடுக்கவேயில்லை.

அவர் மிஷினின் வயரைச் சுற்றி, பெட்டியில் வைத்து மூடி, கல்லா மேல் வைத்தார். குடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு படியிறங்கினவர் திரும்பப் படியேறவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சீரில் வேறு கடைக் குடம் போனது, வேறு ஆள் வெட்டின பேரோடு. அந்த ‘ழ’ நன்றாக இல்லை என்று இன்னமும் அவருக்கு ஆற்றாமை. பூதம் வெட்டின குடம் அவர் வீட்டு அடுப்படியில் இருக்கிறது, எழுத்து சுவரைப் பார்த்தபடி. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை. அங்கே அவருக்குப் பேரே கிடையாது, வாச்மேன். சீர் பரப்பிய மேஜைப் பக்கம் போகும்போது, தான் வெட்டின பழைய எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால், விரலால் ஒருதடவை தடவிவிட்டு நகர்வார்.

இந்தக் கதையை நான் வாசித்துக் காட்டியபோது, மண்டப வாசலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராக்கெட்டு வந்த இடத்தில் மட்டும் வயிறு குலுங்கியது. முடிந்ததும் தாளை வாங்கினார். தாளின் உச்சியில் இருந்த ஒற்றை வரியை விரலால் தடவினார்.

“எல்லாம் நல்லாத்தாம்லே எழுதியிருக்க. தலைப்புல மட்டும் எம்பேருக்கு எடமில்லாமப் போச்சோ?”